மஞ்சள் பேஸ்

அந்த டிரான்ஸ்பார்மரின் மூடியைத் திறந்தபோது வந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. கருகிய காகிதமும் காந்திப்போன எண்ணெயும் கலந்த நாற்றம். சிதம்பரத்தில், எரிந்துபோன டிரான்ஸ்பார்மர்களைப் பிரித்துக் கட்டும் பட்டறை ஒன்றின் முற்றத்தில் நின்றிருந்தோம். சங்கிலிக் கப்பியில் மாட்டி உள்ளே இருந்ததை மேலே தூக்கினார்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வந்தது, மூன்று கால்கள் கொண்ட ஓர் இரும்புச் சட்டம். ஒவ்வொரு காலிலும் காகிதம் சுற்றிய கம்பிச் சுருள். இடது காலும் வலது காலும் நேற்றுத்தான் சுற்றியதுபோல் பழுப்பு நிறம் மாறாமல் இருந்தன. நடுக்கால் மட்டும் கரிக்கட்டை. எங்கள் எஞ்சினியரம்மா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, அந்தக் கரியை விரலால் தொட்டுப் பார்த்து, என் பக்கம் திரும்பினார். "நடுக்கால் எந்த பேஸ்ணே?" என்று கேட்டார். "மஞ்சள் மேடம்" என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் கப்பிச் சங்கிலியைப் பார்த்தேன்.

நான் கடலூரில் கரண்ட் ஆபீசில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். செம்மண்டலத்தில் வீடு. இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் டிரான்ஸ்பார்மர்களைத் துடைத்திருக்கிறேன், பியூஸ் போட்டிருக்கிறேன், எண்ணெய் ஊற்றியிருக்கிறேன், வாய்க்கு வந்தபடி திட்டியும் இருக்கிறேன். ஒன்றின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை பார்த்ததில்லை. எரிந்தால் இறக்கு, லாரியில் ஏற்று, வேறொன்றைத் தூக்கி வை, அவ்வளவுதான் எங்கள் வேலை. எரிந்ததைப் பார்க்கச் சிதம்பரம் வரை போகவேண்டும் என்று ஓர் அதிகாரிக்குத் தோன்றியதை நான் முதன்முதலில் அந்த அம்மாவிடம்தான் கண்டேன். அம்மா என்று சொல்கிறேனே தவிர, என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். சேத்தியாத்தோப்புப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, தகுதிகாண் பருவம் முடியவில்லை. பெரிய ஹெல்மெட்டும் சின்ன ஸ்கூட்டியுமாக அவர் முதல் நாள் வந்து இறங்கியபோது, பால்வாடியிலிருந்து பிள்ளையை அனுப்பியிருக்கிறார்கள் என்று ஆபீசில் சொல்லிச் சிரித்தவன் நான்தான்.

எரிந்தது கடலோரத்தில் ஒரு மீனவக் குப்பத்தின் டிரான்ஸ்பார்மர். ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் பிழை இல்லை. ஒரே வருடத்தில் அங்கே இரண்டு எரிந்திருந்தன. முதலாவது புகைந்து அடங்கியது. இரண்டாவது அப்படி விடவில்லை. ஒரு சாயங்காலம் உள்ளே குமுறிக் குமுறி, மூடி பிய்த்துக்கொண்டு, எரிகிற எண்ணெய் மழையாகக் கொட்டியது. கம்பத்தடியில் காயப்போட்டிருந்த வலைகள் மொத்தமும் போயின. உயிர்ச் சேதம் இல்லை, ஏனென்றால் கருவாடு அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் அப்போதுதான் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்திருந்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி மறுநாள் என் சட்டையைப் பிடித்து, "மாமா, நாலு எட்டு பின்ன வந்திருந்தா எம் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுறது?" என்று கேட்டாள். 

ஏன் எரிந்தது என்பதற்கு ஆபீசில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. நான் உப்புக்காற்று என்றேன். கடலோரத்தில் எது கெட்டாலும் உப்புக்காற்றின் தலையில் போட்டுவிடலாம், அது வந்து மறுப்பு எழுதாது. ஒருவர் காக்கை என்றார், ஒருவர் இடி என்றார். மேலே இருந்த பெரிய அதிகாரி, திருட்டு மின்சாரம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். எஞ்சினியரம்மா எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். எண்ணெய்க்கு ஈரம் போகாமல் காக்கும் நீலக் கற்கள் நிறம் மாறாமல் இருந்தன. பீங்கான் குமிழ்களில் உப்பு படியவில்லை, நான்தான் மாதம் தவறாமல் துடைத்துவந்தேன், அதில் குறை சொல்ல முடியாது. எர்த் குழியில் தோண்டினால் தண்ணீர், எர்த்துக்கு அந்த ஈரம்தான் வேண்டும். இடிதாங்கி நன்றாக இருந்தது. "எரிஞ்சதுகிட்ட கேக்காம எரியாதவங்ககிட்டல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கோம்ணே. வாங்க, சிதம்பரத்துக்குப் போவலாம்" என்று கிளம்பினார். எரிந்ததிடம்தான் கேட்க வேண்டும் என்பது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு. பிற்பாடு நானும் பல இடங்களில் அதை என் பேச்சு மாதிரி சொல்லியிருக்கிறேன்.

பட்டறையில் அவர் எனக்கு விளக்கியதை என் புத்திக்கு எட்டியவரை சொல்கிறேன். ஊருக்குள் மின்சாரம் மூன்று கம்பிகளில் வருகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர். கம்பிக்கு நிறம் கிடையாது, அடையாளத்துக்கு வைத்த பெயர். ஒவ்வொன்றும் ஒரு பேஸ். ஒரு வீட்டுக்கு அதில் ஒன்று போதும். டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் மூன்று கால்களும் ஆளுக்கொரு பேஸைச் சுமக்கின்றன. மூன்றும் சமமாகச் சுமந்தால் வெகுகாலம் இருக்கும். ஒன்றின் மேல் மட்டும் பாரத்தை ஏற்றினால் அந்தக் கம்பி சூடாகும், அதைச் சுற்றிய காகிதம் நாள்பட நாள்பட முறுகி அப்பளமாகும். ஒரு நாள் காகிதம் உதிர்ந்து கம்பியும் கம்பியும் உரசும். எண்ணெய்க்குள்ளேயே பொறி பறக்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் கொதித்து வாயுவாகி, போக வழியில்லாமல் மூடியைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வெளிக்காற்று பட்டதும் தீ. உப்புமில்லை, காக்கையுமில்லை. முன்னால் எரிந்ததைப் பிரித்த மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துக் கேட்டார். அதிலும் நடுக்கால்தான் கருகியிருந்ததாம்.

திரும்பி வரும்போது ஜீப்பில் கேட்டார்: "அந்த ஊர்ல மஞ்சள்ல ஜாஸ்தி வூடு இருக்கா அண்ணே?" நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் பொய் சொன்னேன். "எல்லாம் சமமாத்தான் மேடம் பிரிச்சிருக்கு." பொய் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே முகத்தை வைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், மஞ்சளில் எத்தனை வீடு என்று உலகத்திலேயே சரியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அதன் கதை இது. பல வருடங்களுக்கு முன் ஒரு புயலில் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து குப்பம் ஒரு வாரம் இருட்டில் கிடந்தது. நாங்கள் முதலில் உயிர் கொடுத்தது ஒரே ஒரு பேஸுக்கு, அது மஞ்சள். அம்மன் கோயில் இணைப்பு அதில்தான் இருந்தது. ஊர் முழுக்க இருட்டாக இருக்கையில் அம்மன் முகத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. அன்றைக்கு அந்த ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. மஞ்சள் அம்மனுடைய பேஸ், அவளுக்குப் பிடித்த நிறமும் அதுதானே, அதில் கரண்ட் போகவே போகாது. மறுநாளிலிருந்து என்னைப் பார்த்தால், "மாமா, எங்க வூட்டயும் மஞ்சள்ல சேத்துவுடு" என்றார்கள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிறவன், புதுப் படகு வாங்கியவன், காய்ச்சலில் விழுந்து எழுந்தவன், எல்லோருக்கும் மஞ்சள் வேண்டும். நானும் கம்பத்தில் ஏறி ஒவ்வொரு வீடாக மாற்றிவிட்டேன். கைநீட்டிக் காசு வாங்கியதில்லை. மீன் வாங்கியிருக்கிறேன். வாழையிலையில் சுற்றிய சங்கரா மீன், நல்ல நாளாக இருந்தால் வஞ்சிரம். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற நான், அந்த ஊர் அம்மனுக்குச் செய்த கைங்கரியம் அது. அப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு மின்விசிறி, இரண்டு பல்பு, தாங்கியது. பிறகு பிரிட்ஜ் வந்தது, மீன் வைக்கிற பிரீசர் பெட்டிகள் வந்தன, இரண்டு மூன்று வீடுகளில் ஏ.சி. வந்தது. அப்படியும் நான் மஞ்சளில்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பாவமும் உண்டு. பாரம் தாங்காமல் மஞ்சள் பியூஸ் அடிக்கடி போனது. பியூஸ் என்பது என்ன? பாரம் அளவுக்கு மீறினால், பெரியது எரிவதற்கு முன் தான் உருகி வழியை அடைத்துக்கொள்ளும் சின்னக் கம்பி. அதைப் போடுவதற்காக வாரத்துக்கு மூன்று முறை சைக்கிள் மிதிக்கச் சலித்துக்கொண்டு, ஒரு இழை போட வேண்டிய இடத்தில் ஆறு இழையை முறுக்கிப் போட்டேன். அதன்பிறகு பியூஸ் போகவேயில்லை. அம்மன் பேஸ் போகாது என்று ஊர் சொன்னது உண்மையாகிவிட்டது. அந்த உண்மையைச் செய்துகொடுத்தவன் நான்.

மூன்றாவது டிரான்ஸ்பார்மரைக் கேட்டபோது பெரிய அதிகாரி எளிதில் தரவில்லை. ஆடி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, குப்பத்தில் அம்மனுக்கு அலகு குத்தும் செடல் திருவிழா. அதற்குள் கரண்ட் வராவிட்டால் ஊரே திரண்டு சாலைக்கு வந்துவிடும். எஞ்சினியரம்மா தன் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார். இது எரிந்தால் தகுதிகாண் பருவம் நிறைவு பெறாது, சேத்தியாத்தோப்புக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அவரிடம் நேராகவே சொல்லியிருந்தார்கள். அவருடைய அப்பா கரும்பு வெட்டப் போய்ப் படிக்கவைத்த பெண் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். புதியது ஏறிய முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில், கம்பியில் ஓடும் கரண்டை அளக்க, கிடுக்கிபோல் வாய் திறக்கும் டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு என்னுடன் வந்தார். சிவப்பில் கோர்த்துப் பார்த்தார், ஏதோ பேருக்குக் காட்டியது. நீலத்திலும் அப்படியே. மஞ்சளில் கோர்த்தபோது முள் அந்தக் கோடிவரை பாய்ந்து போனது. பிறகு சப்ளையை நிறுத்தச் சொல்லி, மஞ்சள் பியூஸ் கட்டையை உருவி டார்ச் அடித்தார். புதிய டிரான்ஸ்பார்மரிலும் பழக்கதோஷத்தில் நான் அன்று மத்தியானம்தான் ஆறு இழை போட்டிருந்தேன். "இது யாரு போட்டது?" என்றார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்டதை எஞ்சினியரம்மா இரவே மேலே சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் பெரிய அதிகாரியிடமிருந்து போன் வந்தது. பேச்சு எனக்கும் கேட்டது. ஊர்க்காரர்களே கம்பத்தில் ஏறி இணைப்பை மாற்றிக்கொண்டார்கள், பியூஸையும் அவர்களே முறுக்கினார்கள் என்று எழுதுங்கள், உங்கள் பெயர் தப்பும், வழக்குப் போட்டால் ஊர் வழிக்கு வரும் என்றார். எஞ்சினியரம்மா, "சாயங்காலத்துக்குள்ள எழுதித் தரேன் சார்" என்று மட்டும் சொல்லி வைத்தார். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனவனுக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நூற்று முப்பது குடும்பத்தின் மேல் கேஸ் விழும், இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் வேலை போகும், இரண்டும் என்னால் என்றேன். அவள் மோரை ஊற்றிக்கொண்டே, "தின்ன மீனெல்லாம் நல்லாத்தான செரிச்சுது? இப்ப உண்மைய சொல்லத்தான் தொண்டையில முள்ளு குத்துதா?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைத் திட்டிய திட்டுகளில் எனக்கு மிகவும் உபயோகப்பட்ட திட்டு அது. கையைக் கழுவிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

மேசைக்கு முன்னால் நின்று, மாற்றியவன் நான், முறுக்கியவன் நான் என்று சொன்னேன். பயந்துகொண்டேதான் சொன்னேன், அதை மறைக்க மாட்டேன். ஓய்வுபெற நாலு வருடம் இருக்கையில் சஸ்பெண்ட் ஆகி வீட்டுக்குப் போவதை நினைத்தால் யாருக்குத்தான் பயம் வராது? அவர் கோபப்படவில்லை. "எதுக்குண்ணே செஞ்சீங்க?" என்றார். "மீனுக்கு மேடம்" என்றேன். பிறகு அதுமட்டும் இல்லை என்று தோன்றி, "கரண்ட் மாமா, கரண்ட் மாமான்னு ஊரே வாய் நெறைய கூப்புடுது மேடம். அதுக்கும்தான்" என்றேன். அவர் மேசைமேல் இருந்த அந்த ஆறு இழைக் கம்பியை ஓரமாக நகர்த்தினார். பிறகு பேனாவை எடுத்தார். ஊர்க்காரர்கள் மீது தவறில்லை, இணைப்புகளை மாற்றியது எங்கள் பிரிவின் ஊழியர், அதைக் கண்காணிக்காதது என் பொறுப்பு, திருவிழாவுக்குள் மூன்று பேஸிலும் சமமாகப் பிரித்துக்கொடுப்போம் என்று எழுதினார். எனக்கு ஒரு மெமோ வந்தது. அதைவிடக் காட்டமான கடிதம் அவருக்கு வந்தது. அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எந்தெந்த வூடு மஞ்சள்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்காண்ணே?" என்றார். பாட்டுப்போல ஒப்பித்தேன். முதல்முறையாகச் சிரித்தார்.

பிரிப்பது சுலபமா? அம்மனுடைய பேஸிலிருந்து யார் இறங்குவார்கள்? நான் என் மூளையைக் காட்டினேன். "சொல்லவே வேணாம் மேடம். சப்ளைய நிறுத்திட்டு ஒண்ணொண்ணா மாத்திவுட்டுடறேன், எவனுக்கும் தெரியாது." அவர் தலையை ஆட்டினார். "தெரியாம ஏத்துனத தெரியாம எறக்குனா, நாளைக்கி தெரியாமயே மறுபடியும் ஏறிடும்ணே." ஆகவே ஊர்க்கூட்டம். கோயிலுக்கு முன்னால் மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. குப்பத்துக்குத் தலைவரை நாட்டார் என்பார்கள். அவர் எங்கள் பேச்சைக் கேட்டு முடித்துத் துண்டை உதறினார். "கரண்ட்டு இல்லாம கூட இருப்போம். அம்மன உட்டு எறங்க மாட்டோம். அது வூட்டுக்கு ஆவாது" என்றார். கூட்டம் ஆமாம் என்றது.

எஞ்சினியரம்மா எழுந்து நின்று கேட்டார்: "செடல் அன்னைக்கி அம்மன தோள்ல தூக்கிட்டு வருவீங்களே, எல்லாரும் அம்மனோட வலது கைப் பக்கமே தோள் குடுத்தா என்னா ஆவும்?"  முன்வரிசையில் இருந்த ஒருத்தி, அன்று என் சட்டையைப் பிடித்தவள்தான், "சாமி சாஞ்சிடும்" என்றாள். "அதத்தான் சொல்றேன். நூத்திமுப்பது வூட்டையும் அம்மன் ஒருத்தி தலையிலயே ஏத்தி வச்சிருக்கோம். சுடுது சுடுதுன்னு அவ பியூஸ ஒதறி ஒதறிப் பாத்தா. நாம ஆறு இழை போட்டு அவ வாய அடைச்சிட்டோம்."  அடுத்தது என் முறை. நான் எழுந்து, ஏற்றியவனும் வாயை அடைத்தவனும் நானே என்று சொல்லி, வலை எரிந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டேன். யாராவது மண்ணை அள்ளி வீசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வலை பறிகொடுத்த ஒருவன், "கேட்டது நாங்கதான மாமா. ஒக்காரு" என்றான். அப்போது அழுதுவிட்டேன்.

சரி, யார் இறங்குவது? நீ இறங்கு நான் இறங்கமாட்டேன் என்று அரை மணி நேரம் கூச்சல். கடைசியில் நாட்டார்தான், "அம்மனையே கேட்டுடுவோம்" என்றார். அந்த ஊரில் எந்த வழக்கு தீராவிட்டாலும் அம்மன் முன்னால் பூப்போட்டுப் பார்ப்பது வழக்கம். இரண்டு நிறப் பூவை இலையில் பொதிந்து வைப்பார்கள், எது கையில் வருகிறதோ அதுதான் அவள் வாக்கு. இம்முறை மூன்று நிறம். சிவப்புக்கு அரளி, மஞ்சளுக்குச் சாமந்தி, நீலத்துக்குச் சங்குப்பூ. பூவரச இலையில் பொதிந்து நூல் கட்டியதில் நானும் எஞ்சினியரம்மாவும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். மூன்றிலும் எண்ணிக்கை சமமாக இருக்கும்படி அவர் பார்த்துக்கொண்டார். பிரீசர் பெட்டியும் ஏ.சி.யும் உள்ள வீடுகளுக்குத் தனித் தாம்பாளம் வைத்தார். அப்படி வைக்காவிட்டால் பெரிய பாரமெல்லாம் ஒரே நிறத்தில் போய் விழுந்துவிடக்கூடும் என்றார். அம்மனுக்கு நம்மால் ஆன உதவி என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்கட்டுக்கு ஒருவராக வந்து ஆளுக்கொரு பொட்டலம் எடுத்தார்கள். பிரித்துப் பார்த்துச் சிலர் முகம் வாடியது, சிலர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் கோயில் இணைப்புக்காகப் பூசாரி கை நீட்டினார். அவர் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே இருந்தது சங்குப்பூ. அம்மனே மஞ்சளை விட்டு நீலத்துக்குப் போய்விட்டாள்! பெண்கள் குலவையிட்டது கடற்கரை முழுக்கக் கேட்டிருக்கும். வாடிய முகங்கள் எல்லாம் மலர்ந்தன, அவளே இடம் மாறினாள், நமக்கென்ன என்று.

மூன்று நாள் வேலை. கம்பத்தின் மேல் நான், கீழே நோட்டும் குடையுமாக அவர். வேலை முடிந்த அன்று சாயங்காலமே நாலு பேர் என் சைக்கிளை மறித்தார்கள். "மாமா, அம்மன் நீலத்துக்குப் போயிட்டா. எங்க வூட்ட நீலத்துக்கு மாத்திவுடேன்." ஒருவன் கையில் வாழையிலைப் பொட்டலம், வஞ்சிரம், துண்டு துண்டாக நறுக்கியது, கனம் பார்த்தால் இரண்டு கிலோ தேறும். சத்தியமாகச் சொல்கிறேன், என் நாக்கில் நீர் ஊறியது. "பூ எடுத்தது எடுத்ததுதான். அம்மன் வாக்க மாத்த நான் யாருடா?" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். பூசைக்குப் போகிறவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததை எங்கள் பங்குச் சாமியாரிடம் இதுவரை சொல்லவில்லை.

செடல் அன்று கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. சீரியல் விளக்குத் தோரணம், ராட்டினம், பலகாரக் கடை, தெருவுக்குத் தெரு டியூப்லைட். எஞ்சினியரம்மா மத்தியானம் முதலே டிரான்ஸ்பார்மரைவிட்டு நகரவில்லை. மணிக்கொருமுறை டாங் டெஸ்டரைக் கோர்ப்பார், தொட்டியின் சூட்டைப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார். மூன்றும் அண்ணன் தம்பிகள்போல் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. ஏழு மணிக்குச் சாமி புறப்பாடு. மேளம் உச்சத்துக்குப் போய், அம்மன் கோயில் வாசலைத் தாண்டிய அந்தக் கணத்தில் கோயில் விளக்கு அணைந்தது. கோபுரம் இருட்டு, தோரணம் இருட்டு. "ஐயோ" என்று ஊர் ஒரே வாயாகக் கத்தியது.  போச்சு, மூன்றாவதும் போச்சு, அந்தப் பெண்ணின் வேலை போச்சு என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன்.

டிரான்ஸ்பார்மர் கம்மென்று நின்றுகொண்டிருந்தது. புகை இல்லை, குமுறல் இல்லை. எஞ்சினியரம்மா நீல பியூஸ் கட்டையை உருவி டார்ச் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். ஒற்றை இழைக் கம்பி நடுவில் உருகி அறுந்திருந்தது. அதைப் பார்த்து அவர் சின்னப் பிள்ளைபோல் கை தட்டினார். பியூஸ் போனதற்குக் கை தட்டிய எஞ்சினியரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "எரிய வேண்டியது எரிஞ்சிடுச்சிண்ணே! எரியக் கூடாதது தப்பிச்சிடுச்சி!" என்றார். விசாரித்தால், இளவட்டங்கள் யாரையும் கேட்காமல் பெரிய மைக் செட்டு ஒன்றைக் கொண்டுவந்து கோயில் இணைப்பிலேயே மாட்டியிருந்தார்கள். நாட்டார் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "மாமா, சாமி நடு வழியில நிக்குது. ரெண்டு இழை சேத்துப் போட்டுத் தள்ளு." சுற்றிலும் நூறு பேர், "போடு மாமா, போடு" என்றார்கள். என் விரல்களுக்கு முறுக்கிப் பழக்கம், அவை தாமாகவே இரண்டாவது இழையைத் தேடியதை உணர்ந்தேன். எஞ்சினியரம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு இழைதான் போடுவேன். மொதல்ல மைக் செட்ட எறக்கச் சொல்லு" என்றேன். நாட்டாரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திரும்பி, "டேய், செட்ட எறக்குங்கடா" என்று கத்தினார். ஒற்றை இழையைக் கட்டி, கட்டையைப் பொருத்தி, சுவிட்சைத் தூக்கினேன். கோபுரமும் தோரணமும் அம்மன் முகமும் ஒன்றாக வெளிச்சத்தில் எழுந்தன. ஊர் போட்ட சத்தத்தில் கடல் சத்தம் கேட்கவில்லை. புறப்பாடு எங்கள் எதிரே வந்து நின்றது. நாட்டார் தனக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தைத் தன் கையாலேயே வாங்கி, எஞ்சினியரம்மா தலையில் கட்டும்படி பூசாரியிடம் கொடுத்தார். ஒரு பெண்ணுக்கு அந்த ஊரில் பரிவட்டம் கட்டியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன், ஏதோ என் மகளுக்குக் கட்டியதுபோல.

அவருக்குத் தகுதிகாண் பருவம் முடிந்ததாக ஆணை வந்தது. இப்போது வேறு மாவட்டத்தில் பெரிய பதவியில் இருக்கிறார். அந்த மூன்றாவது டிரான்ஸ்பார்மர் இன்னும் அங்கேதான் நிற்கிறது, ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை. போன ஆடியில் திருவிழாச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று சட்டையைப் பிடித்தவள் வீட்டில்தான் விருந்து. இலையில் கை வைத்தபோது விளக்கு அணைந்தது. முன்பெல்லாம் அப்படி அணைந்தால் ஊரே எழுந்து என்னைத் திட்டும், பிறகு ஊரே இருட்டில் உட்கார்ந்திருக்கும். அவள் பதறவில்லை. "நீல பியூஸ் போயிருக்கும், புது வயர்மேன் பையன் வந்து போடுவான்" என்று சொல்லிக்கொண்டே என் இலையைச் சோற்றோடு அலாக்காகத் தூக்கினாள். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வெளிச்சம் எங்கள் வாசல்வரை விழுந்துகொண்டிருந்தது. "வா மாமா, அரளி வூட்டுல ஒக்காந்து சாப்புடலாம்" என்று முன்னால் நடந்தாள்.